கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "கொத்தமங்கலம்" என்பேன். உடனே, "அட, கேரளாவா? மலையாளம் தெரியுமா ஸார்?" என்பார்கள். எர்ணாகுளம் பக்கம் ஒரு கொத்தமங்கலம் இருந்துகொண்டு என் பூர்வீகத்தைக் கெடுக்கிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "ஆலங்குடிப் பக்கம்தானே? மொய் விருந்தெல்லாம் நடக்குமே!" என்பார்கள். அதுவும் இல்லை. அது புதுக்கோட்டை மாவட்டம். எங்களுடையது செட்டிநாட்டுக் கொத்தமங்கலம், சிவகங்கை மாவட்டம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை, தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள். சினிமாவில் ஜமீன்தார் வீடு என்று நீங்கள் வாய் பிளந்து பார்த்ததெல்லாம் எங்களுக்குப் பக்கத்து வீடு, எதிர்வீடு. பங்களாக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எங்களுக்கு பங்களா இல்லை. அதனால் ஊரிலேயே இருந்தோம். (நானும் இப்போது சென்னையில் ஒரு ஆபீஸில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருக்கிறேன் என்பது தனிக் கதை.)

இந்த ஊரில் தினமும் காலை நாலரை மணிக்கு ஒருவர் ஓடுகிறார். என் அத்தான். அக்கா புருஷன்.

ஓட்டம் என்பது எங்கள் ஊரில் பஸ்ஸைப் பிடிப்பதற்கும் நாயிடமிருந்து தப்புவதற்கும் ஏற்பட்டது. சும்மா ஒரு மனுஷன், அதுவும் நாற்பத்திரண்டு வயசுக் குடும்பஸ்தன், அரை டிராயர் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? முதல் வாரம் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன ஏஜென்ட், யாரு துரத்துறா?" என்று பின்னாலேயே டார்ச் அடித்துப் பார்த்தாராம்.

ஏஜென்ட் என்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட். ஊரில் அவர் பாலிசி போடாத ஜீவன் கோவில் காளை மட்டும்தான். முன்பெல்லாம் டி.வி.எஸ். 50 சத்தம் கேட்டாலே ஜனங்கள் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்கள். இப்போது சத்தமே இல்லாமல் ஓடி வருகிறார். தப்பிக்க வழியில்லை.

சிரித்தாயிற்று அல்லவா? இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே பெண். நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அதற்குக் காது குத்தினபோது தாய்மாமன் என்கிற ஹோதாவில் மடியில் வைத்துக்கொண்டவன் நான். முதல் காதுக்கு அழவில்லை. அடுத்த காதைக் காட்டமாட்டேன் என்று என் சட்டைப் பையைக் கிழித்துவிட்டது. அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு ஐந்தரை வயசில் காய்ச்சல் வந்தது. போனது. மறுபடி வந்தது. முகம் வெளுத்தது. "ரத்தம் பத்தலை" என்று ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் டானிக். பிறகு கால் வலிக்கிறது என்று ராத்திரியில் அழ ஆரம்பித்தது. "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று ஊரே ஆறுதல் சொன்னது. நானும் போனில் அதையேதான் சொன்னேன். தொடையில், முதுகில், அடிபடாமலே நீலம் நீலமாகத் திட்டு வந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். காரைக்குடியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை. 2022 பிப்ரவரி.

ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை அதுதான்.

(பிள்ளைக்குட்டிக்காரர்கள் பயந்துவிட வேண்டாம். எல்லாக் காய்ச்சலும் அதுவல்ல. ஆயிரத்தில் ஒன்றுகூட அதுவாக இராது. ஆனால் விட்டு விட்டு வருகிற காய்ச்சல், வெளுத்துப் போகிற முகம், காரணமில்லாத நீலத் திட்டு, ராத்திரி எலும்பு வலி — இவை சேர்ந்து வந்தால் டானிக் வாங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விலை அதிகமில்லை.)

அப்போது சென்னையில் நான் ஒண்டிக்கட்டை. பாப்பாவின் சிகிச்சை நடந்த நாட்களில் நான் படித்ததைப் போல காலேஜில் படித்திருந்தால் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பேன். இந்த நோய்க்கு 1947 வரை மருந்தே கிடையாது. வந்தால் சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்கிற டாக்டர் பதினாறு குழந்தைகளுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் பின்வாங்கியது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றாலும் உலகத்தில் முதல் தடவை. 1948-ல் அந்தச் செய்தி வெளிவந்தது. அந்த மருந்தை உண்டாக்கிக் கொடுத்த லேடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் யார் தெரியுமா? எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர். நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். அங்கே கதர் கோட்டுப் போட்டுக்கொண்டு போனதற்காக வெள்ளைக்காரப் புரொபசரின் பகையைச் சம்பாதித்தவர். அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். பாப்பாவுக்கும் கொடுத்தார்கள்.

இன்னொரு மருந்து வின்கிறிஸ்டின். இது எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். நித்தியகல்யாணிச் செடி. நம் பக்கம் அதற்கு இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் மண்டிக் கிடக்குமே, அதேதான். ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். அத்தானுக்கு இதைச் சொன்னபோது, "நம்ம கம்மாக்கரையில ஆடுகூட அதை மேயாதே மாப்ளே" என்று ஆச்சரியப்பட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததைப் பார்த்தேன். ஊரில் மண்டிக் கிடக்கிற செடி, பிள்ளையைக் காப்பாற்றிவிடும்.

காப்பாற்றியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் இளம் வயசுக்காரர்களும் புற்றுநோயில் மாட்டுகிறார்கள். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். வசதியில்லாத நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. மருந்து அதே மருந்துதான்.

பாப்பாவுக்கு இரண்டாவது வருஷம் நோய் திரும்பி வந்தது. 2023 அக்டோபரில் போய்விட்டது. ஏழு வயசு.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். யாருக்கும் பொங்கல் இல்லை. ஆனாலும் போகாமலிருக்க முடியுமா? விடியற்காலை கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் அத்தான் வெளியே போகிறார். காலில் ரப்பர் செருப்பு. ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். நடக்க ஆரம்பித்திருக்கிறார். நடந்தால் யோசனை வருகிறதாம். ஓடினால் மூச்சு வாங்குவதில் யோசனை நின்றுவிடுகிறதாம். "மூச்சு வாங்குறப்போ வேற ஒண்ணும் செய்ய முடியாது மாப்ளே" என்றார்.

அக்காவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு ஓடிட்டு வந்து குளிச்சுட்டு இட்லி சாப்பிடுறாரு. நான் எங்கிட்டுடா ஓடுறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அந்த வருஷம் முழுக்க அத்தான் ஓடினார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு நாள், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு நாள். நான் சென்னையிலிருந்து ஷூ வாங்கி அனுப்பினேன். அப்படியே எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். இந்த இடத்தில் என் ஓட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெசன்ட் நகர் பீச் ரோட்டில் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். முதல் நாள் நானூறு மீட்டரில் ஒரு தாத்தா என்னைத் தாண்டிப் போனார். ஓடவில்லை, நடந்தே. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் மழை வரலாம் போலிருந்தது. ஷூ இப்போதும் புதுசாகத்தான் இருக்கிறது. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். கேன்டீனுக்கு ஓடும்போது உதவுகிறது.

2025 பொங்கலுக்குப் போனபோது அத்தான் முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறவராக ஆகியிருந்தார். தொப்பை போய், கன்னம் ஒட்டி, எல்.ஐ.சி. ஏஜென்ட் களையே போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து கால் விரல் நகத்தை எனக்குக் காட்டினார். இரண்டு நகம் கறுத்துக் கழன்றிருந்தது.

"ஏன் அத்தான் இப்படி? அஞ்சு கிலோமீட்டர் போதாதா? உடம்புக்கு அதுவே நல்லதுங்கிறாங்க."

மாரத்தான் ஓடுகிறவர்கள் 'சுவர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டர் வாக்கில் காலியாகிவிடும். அதற்குப் பிறகு கால் நம்முடையதாக இருக்காது. புத்தி 'தூக்கு' என்று சொல்லும், பாதம் தூக்காது. எல்லோரும் அந்தச் சுவரை எப்படித் தாண்டுவது என்றுதான் யோசிப்பார்கள். அத்தான் அதைத் தேடிக்கொண்டு போகிறார்.

"அவளுக்கு அந்த மருந்து போட்டப்புறம் பாதம் தூக்க வராது, ஞாபகம் இருக்கா? 'அப்பா, காலு கனக்குது, காலு கனக்குது'ம்பா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா மாப்ளே? 'நடந்தாத்தாண்டா சரியாகும், நட நட'ன்னு வார்டு வராந்தாவுல நடக்க விட்டேன். முப்பதுக்கு மேல ஓடினா அந்தக் கனம் வருது. இப்பத்தான் தெரியுது."

வின்கிறிஸ்டின் நரம்பைப் பிடிக்கும். பாதம் தொங்கும், படி ஏற முடியாது. பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் மெள்ளச் சரியாகிவிடும். அதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். நடக்க வைக்கச் சொன்னது டாக்டர்தான், நீங்கள் செய்தது சரிதான் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் நாலரைக்கு மறுபடி கதவுச் சத்தம்.

சென்னைக்குத் திரும்பினதும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் (ஆபீஸ் வேலை நேரத்தில், மேனேஜர் இதைப் படிக்கமாட்டார் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன்) தேட ஆரம்பித்தேன். அத்தானைப் போல வேறு யாராவது இருக்கிறார்களா?

இருந்தார்கள்.

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்கிற பையன். 1977-ல் எலும்புப் புற்றுநோய். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூடப் படுத்திருந்த குழந்தைகளைப் பார்த்தவன், வெளியே வந்ததும் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடந்து ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கிறேன் என்றான். அம்மா பெட்டி ஃபாக்ஸ், 'பைத்தியக்காரத்தனம்' என்றார். எந்த அம்மாதான் சொல்லமாட்டார்? 1980 ஏப்ரல் 12-ம் தேதி கிழக்குக் கடற்கரையில் ஆரம்பித்தான். ஒற்றைக் கால், ஒரு பொய்க்கால். தினம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். தினம்! 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ம் தேதி நெஞ்சில் வலி வந்து நின்றான். நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. 1981 ஜூனில் இறந்தபோது வயசு 22.

என்னைப் பிடித்து நிறுத்தியது டெர்ரி அல்ல, இன்னொருவர். இசடோர் ஷார்ப். 'ஃபோர் சீஸன்ஸ்' ஓட்டல்களின் முதலாளி. டெர்ரி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஆரம்பத்தில் பணம் சரியாகச் சேரவில்லை. இவர்தான், 'நீ ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் இரண்டு டாலர் தருகிறேன்' என்று சொல்லி, மற்ற 999 கம்பெனிகளையும் அதேபோல் தரச் சொல்லிச் சவால் விட்டவர். டெர்ரி நின்றுபோனதும் 'உன் பெயரில் வருஷா வருஷம் ஓட்டம் நடத்துவோம்' என்று தந்தி கொடுத்தவர். அப்படியே நடந்தது. 1981 செப்டம்பரில் முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர். இன்றைக்கும் பல நாடுகளில் நடக்கிறது. நம் சென்னையிலேயே ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்திருக்கிறது. டெர்ரியின் அம்மா பெட்டி, 2011-ல் தாம் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய் அதற்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஓட்டல் முதலாளிக்கு ஏன் இந்த அக்கறை? 1978-ல் அவருடைய மகன் இறந்திருக்கிறான். தோலில் வருகிற புற்றுநோய். பதினேழு வயசு.

அன்று மத்தியானம் எனக்கு ரிப்போர்ட் எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் அத்தானுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டெர்ரிக்கு 'ப்ச்' கொட்டினார். பையனை இழந்த ஓட்டல் முதலாளிக்குச் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "மைலுக்கு இவ்வளவுன்னா சொன்னாரு?" என்று கேட்டார். எல்.ஐ.சி. ஏஜென்ட் விழித்துக்கொண்டுவிட்டார்!

ஃபௌஜா சிங்கை அவராகவே கண்டுபிடித்தார். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. 1911-ல் பிறந்தவர். சின்ன வயசில் ஐந்து வயசுவரை நடக்கவே முடியாதவர். 1992-ல் மனைவி போய், 1994-ல் மகன் குல்தீப் விபத்தில் போய், லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இடிந்து போய் உட்கார்ந்திருந்தவர் ஓட ஆரம்பித்தார். பயிற்சிக்கு முதல் நாள் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு போனாராம்! 2000-ல் தம் 89-வது வயசில் லண்டன் மாரத்தான். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்காக வேலை செய்கிற 'பிளிஸ்' என்கிற அமைப்புக்குப் பணம் சேர்த்தார். கிழவனார் ஓட, பச்சைக் குழந்தைகளுக்குக் காசு. 2011-ல் நூறு வயசில் டொரன்டோவில் மாரத்தான் முடித்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆகட்டுமே. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் சாதனையை ஏற்கவில்லை. நம் ஊர்த் தாத்தாக்களில் யாரிடம் இருக்கிறது பிறப்புச் சான்றிதழ்?

அத்தான் ஒரு பேப்பர் படத்தை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார். வெள்ளைத் தாடி, மஞ்சள் தலைப்பாகை. பாலிசிதாரர்கள், "யாரு ஏஜென்ட் இவரு, எல்.ஐ.சி. சேர்மனா?" என்று கேட்டார்களாம்.

2025 ஜூலை 14-ம் தேதி ஃபௌஜா சிங் தம் கிராமத்துக்குப் பக்கத்தில் நடந்து போகும்போது கார் மோதி இறந்துபோனார். 114 வயசு. மறுநாள் நாலரைக்கு எங்கள் வீட்டில் கதவுச் சத்தம் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அத்தான் ஓடாத முதல் நாள். அக்கா எழுந்து வந்து, "ஏன், இன்னிக்கு ஓடலியா?" என்று கேட்டிருக்கிறாள். ஓட்டத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கூடவே மனசில் இருந்த திட்டத்தையும். மார்கழியில் ஒரு நாள் 42 கிலோமீட்டர் ஓடுவது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வாங்குவது. சென்னை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கக் கொடுப்பது.

அக்கா சொன்னாளாம்: "மருந்துக்கு வேணாம். பஸ்ஸுக்குக் குடுங்க. ரூமுக்குக் குடுங்க."

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு தர்மபுரிக்காரப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜில் அக்காவுக்கு அடுத்த ரூம். நாலு வயசுப் பையன், பாப்பாவுக்கு வந்த அதே நோய். பாப்பாவைவிட நன்றாகத் தேறிக்கொண்டிருந்தான். பெரிய செலவெல்லாம் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விடும். ரயிலில் கேன்சர் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. ஆனால் ரூம் வாடகை? இரண்டு பேர் சாப்பாடு? ஊரில் இன்னும் இரண்டு பிள்ளைகள்; புருஷனுக்குத் தினக்கூலி. சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் நடக்கும். பையன் முகத்தில் சதை போட்டதும், 'நல்லாத்தானே இருக்கான்' என்று தீபாவளிக்கு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அக்கா போன் செய்தபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. இந்த நிமிஷம்வரை அந்தப் பையன் இருக்கிறானா என்று தெரியாது. நம் மாதிரி நாடுகளில் பிள்ளைகள் தேறாமல் போவதற்கு இந்தப் 'பாதியில் நின்றுபோவது' ஒரு பெரிய காரணம் என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். அக்கா எதையும் படிக்கவில்லை. அவளுக்கு அடுத்த ரூம் தெரியும்.

(எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், ஊரெல்லாம் வசூல் செய்து 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் திறந்தார். ஆரம்பத்தில் 12 படுக்கை. அங்கே வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த டாக்டர் சாந்தா 2021-ல் காலமானார். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நாமெல்லாம் பதினாறாம் நாள் வடை சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போகிறோம்.)

அக்கா ஒரு நோட்டு வாங்கினாள். மொய் நோட்டு. மேலே மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பெயர், ஊர், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மூன்று கோடு. செட்டிநாட்டில் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று தர்மத்துக்கு எடுத்து வைக்கிற பழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆகையால் ஊருக்கு இது புதுசாகத் தெரியவில்லை. ஓட்டம் மட்டும்தான் புதுசு.

டீக்கடைக்காரர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். பால்காரர் ரெண்டு ரூபாய், 'டார்ச் அடிச்சுப் பார்த்ததுக்கு அபராதம்' என்று. பூட்டின பங்களா ஒன்றின் சொந்தக்காரர் சிங்கப்பூரிலிருந்து கிலோமீட்டருக்கு ஐந்நூறு. என் ஆபீஸில் நானும் வசூலித்தேன். "எண்பது-ஜி ரசீது உண்டா?" என்றார் அக்கவுன்ட்ஸ் செக்ஷன். "அரியர்ஸ் வரட்டும்" என்றார் இன்னொருவர். "அவர் நாற்பத்திரண்டும் முடிப்பாரா? பாதியில் நின்றால் பாதிதானே தரணும்?" என்று ஒரு புண்ணியவான் கால்குலேட்டரை எடுத்தார். ஆனால் டெஸ்பாட்ச் செக்ஷன் பையன் ஒருவன், சம்பளம் பதினாலாயிரம், கிலோமீட்டருக்கு இருபது என்று சொல்லிவிட்டுக் கையோடு எண்ணூற்று நாற்பதை எடுத்து வைத்தான். "ஓடாட்டாலும் பரவாயில்லை ஸார்."

நான் கிலோமீட்டருக்கு நூறு என்று எழுதப் போனேன். அக்கா பேனாவை மூடிவிட்டாள். "நீ தாய்மாமன். உனக்குக் காசு கிடையாது. கூட ஓடு."

"எவ்வளவு தூரம்?"

"முடிஞ்ச வரைக்கும்."

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை மூன்றரை மணி. பனி. பிள்ளையார் கோவில் ஸ்பீக்கரே இன்னும் எழுந்திருக்கவில்லை. அத்தானும் நானும் கிளம்பினோம். இரண்டாவது கிலோமீட்டரில் எனக்கு நாக்கு தள்ளியது. மூன்றாவதில் என் பள்ளிக்கூட நாட்கள் எல்லாம் கண்முன் வந்தன. ஐந்தாவது கிலோமீட்டரில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். அத்தான் நிற்கவில்லை. "மாப்ளே, பின்னாடி வண்டி வருது, ஏறிக்க" என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் போய்விட்டார். தண்ணீர் கேனோடு பால்காரர் பைக்கில் வந்தார். மிச்சம் 37 கிலோமீட்டரும் நான் ஓடியது அந்த பைக்கின் பின் சீட்டில்.

முப்பத்தி ஒன்றாவது கிலோமீட்டரில் வந்தது. அதுவரை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தவரின் பாதம் தரையில் இழுபட ஆரம்பித்தது. செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்ட அதே சத்தம். வண்டியை விட்டு இறங்கிப் பக்கத்தில் போனேன். "நின்னுடுங்க அத்தான், முப்பதே போதும். கணக்கை நான் பார்த்துக்கிறேன்." அவர் என்னிடம் பேசவில்லை. ஏதோ முனகிக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கேட்டேன்.

"கனக்குதாடா? கனக்குதா? சரிடா... நடக்க வேணாம். அப்பா தூக்கிக்கிறேன்... வா..."

நான் பைக்குக்குத் திரும்பி வந்தேன். பால்காரர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணி சுமாருக்கு ஊருக்குள் வந்தார். ஐந்தரை மணி நேரம். யாரும் கைதட்டவில்லை, எங்கள் ஊரில் அது வழக்கமில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அக்கா வாசலில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு இருந்தாள். அத்தான் படிக்கட்டில் உட்கார்ந்ததும் எழுந்து போய் ஒரு பக்கெட்டில் வெந்நீர் கொண்டு வந்தாள். ஷூவை அவளே கழற்றினாள். கறுத்துப்போன விரல்களைத் தண்ணீருக்குள் வைத்தாள். எல்லோருக்கும் எதிரில். கல்யாணமாகி எத்தனையோ வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரையும் அப்படிப் பக்கத்தில் பார்த்ததில்லை. அதிலும் கடைசி இரண்டு வருஷம் சுத்தமாக இல்லை.

"கனக்குதா?" என்று கேட்டாள்.

"ம்."

மொத்தம் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருக்கிற அம்மாவிடம் பேசி, பக்கத்துத் தெருவில் இரண்டு ரூம் எடுத்துக் கொடுத்தார்கள். மாதம் எட்டாயிரம் வீதம் எட்டு மாதத்துக்கு வரும். முதல் ரூமுக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. ஐந்து வயசுப் பெண். அக்கா பத்து நாளைக்கு ஒருமுறை போன் செய்து, 'ரத்தம் பார்த்தாச்சா? கவுன்ட் எவ்வளவு?' என்று டாக்டர் மாதிரி கேட்கிறாள். எட்டு மாதம் முடிந்தால் வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்குள்ள இன்னொரு தடவை ஓடிடுவாரு" என்றாள்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவரவர் பெயருக்கு நேரே 'வரவு' என்று சிவப்பு மையில் டிக் அடித்திருக்கிறாள். சிங்கப்பூர், டீக்கடை, பால்காரர், டெஸ்பாட்ச் பையன், எல்லோரும் வரவு. கால்குலேட்டர்காரர்கூட வரவு. கடைசிப் பக்கத்தில் என் பெயர். 'தாய்மாமன் - ஓடியது 5. பாக்கி 37.'